ஒற்றை டிரிகராக மாற்றிய பழைய இரட்டைக்குழலை நம்பலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தாத்தா வாங்கிய பர்மிங்காம் 12 போர் இரட்டைக்குழல், அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. இரண்டு டிரிகராக இருந்ததை எந்தக் காலத்திலோ யாரோ ஒன்றாக்கி, பின் டிரிகர் இருந்த இடத்தைப் பித்தளைத் துண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். ஷூட்டிங் கிளப்பில் கிளே, அதாவது பறக்கவிடும் களிமண் தட்டு, சுட்டுப் பழகப் போனபோது இரண்டு தடவை இரு குழலும் ஒன்றாக வெடித்தன. வேறு சில தடவை இரண்டாவது குழல் வெடிக்கவே இல்லை. ‘இந்த மாதிரி கன்வர்ஷன் நம்பகமானதுதானா, ஓசூரில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது, கொடுத்துச் சரி பண்ணிக்கொள்ளலாமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவரைக்கும் நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று தோன்றுகிறது: இரண்டு தோட்டா போட்டு மூடி, பக்கத்தில் ஆள் நிற்கும்போது இதைத் தோளில் வைக்கலாமா? இப்போது இருக்கிற நிலையில் கூடாது. ஏன் என்பதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குற்றவாளி டிரிகராகவும் இருக்கலாம், அதற்கு மேலே இருக்கிற லாக்காகவும், அதாவது குதிரையும் அதைப் பிடித்து நிறுத்தும் பாகங்களும் சேர்ந்த பொறியாகவும், இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, இருந்தவன். வெளியே வந்த பிறகு, லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் ரிப்பேர் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தர்மபுரியில் சும்மா இருக்கிறேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று மாவட்டத்துப் பழைய துப்பாக்கிகளும் அந்த மேசைக்கு வரும். தேர்தல் முடிந்த மாதங்களில் கூட்டம் அதிகம். ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதுதான் பலர் தங்கள் துப்பாக்கியை உற்றுப் பார்ப்பார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை பர்மிங்காம் பாக்ஸ்லாக் (சுடும் பொறி நடுவிலுள்ள இரும்புப் பெட்டிக்குள்ளேயே அடங்கிய வகை), கொஞ்சம் பெல்ஜியம் சரக்கு, அப்புறம் பீகாரின் முங்கேர் சரக்கு. கல்கத்தா ரோடா, மேன்டன், மெட்ராஸ் ஓக்ஸ் என்று கடைப்பெயர் வெட்டிய பழசுகளும் உண்டு. லண்டனின் உயர்ந்த சரக்கு அபூர்வமாகத்தான் வரும். உங்கள் துப்பாக்கியை நான் திறந்து பார்க்கவில்லை, அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு டிரிகர் உள்ள துப்பாக்கி எவ்வளவு எளிமையானது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹேமர்லெஸ் என்று சொன்னாலும், தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்கவைக்கும் குதிரைகள் (ஹேமர்) உள்ளேதான் இருக்கின்றன. ஒவ்வொரு குதிரையிலும் ஒரு காடி. அந்தக் காடியில் மூக்கை நுழைத்துக் குதிரையைப் பிடித்து நிறுத்துவது சியர் என்கிற சின்ன நெம்பு. சியரின் வால் பின்னால் நீண்டு டிரிகருக்கு மேலே நிற்கும். டிரிகரை இழுத்தால் அதன் பிளேடு வாலைத் தூக்கும், மூக்கு காடியைவிட்டு விலகும், குதிரை விழும். வலது குழலுக்கு முன் டிரிகர், இடது குழலுக்குப் பின் டிரிகர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரு பக்கம் ஸ்பிரிங் உடைந்தாலும் மறுபக்கம் வேலை செய்யும். உள்ளே கெட்டுப்போவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை எடுத்த பாக்ஸ்லாக் அமைப்பு இன்றுவரை உலகம் முழுக்கச் செய்யப்படுவதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

ஒரே டிரிகரால் இரண்டு குழலையும் அடுத்தடுத்துச் சுடவைப்பது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சுலபமான வேலையாகத் தோன்றும். முதல் இழுப்பு வலது சியரைத் தூக்கட்டும், விட்டு மறுபடி இழுத்தால் இடது சியரைத் தூக்கட்டும், அவ்வளவுதானே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படித்தான் நினைத்துச் செய்துபார்த்தார்கள். மேசை மேல் வைத்து வெறுமனே இழுத்தால் அழகாக வேலை செய்தது. தோட்டா போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடித்தது. காரணம் நம் விரல். முதல் தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அப்போது டிரிகரும் துப்பாக்கியோடு பின்னால் போவதால் விரலின் பிடி ஒரு கணம் விட்டுப்போகிறது. அடுத்த கணமே தோள் துப்பாக்கியைத் தடுத்து நிறுத்த, இறுகிக்கொண்டிருந்த கை டிரிகரை எட்டிப் பிடித்து மறுபடி இழுத்துவிடுகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடக்கிற இந்த இரண்டாவது இழுப்பு சுடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ‘நான் ஒரு தடவைதான் இழுத்தேன்’ என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எவ்வளவு பழகினவராக இருந்தாலும் இதை மன உறுதியால் நிறுத்த முடியாது.

ஆக, ஒற்றை டிரிகர் என்றால் அந்தத் தெரியாத இழுப்பை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்கிற பிரச்சினைதான். அதற்கு மூன்று வழி கண்டுபிடித்தார்கள். முதல் வழி, அந்த இழுப்பையே கணக்கில் சேர்த்துக்கொள்வது. லண்டன் பாஸ் கம்பெனியின் ஜான் ராபர்ட்சன் 1894இல் காப்புரிமை பெற்ற டிரிகர் இந்த வகை. முதல் இழுப்பு ஒரு குழலைச் சுடும், நமக்குத் தெரியாத இரண்டாவது இழுப்பு உள்ளே இருக்கிற சுழல் பாகத்தை ஒரு படி நகர்த்துவதோடு சரி, மூன்றாவது இழுப்புதான் அடுத்த குழலைச் சுடும். அந்தத் துப்பாக்கியை வெறுமனே தட்டிப் பார்த்தால் மூன்று தடவை இழுக்க வேண்டியிருக்கும். விஷயம் தெரியாதவர்கள் பழுது என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாவது வழி, நேரத்தைத் தள்ளிப்போடுவது. உதை அடங்கும்வரை உள்ளே மாற்றம் நடக்காமல் ஒரு ஸ்பிரிங்கோ நெம்போ தாமதப்படுத்தும். மூன்றாவது வழி, உதையையே பயன்படுத்துவது. உள்ளே ஒரு கனமான துண்டு தொங்கும், உதைக்கிறபோது அது அசைந்து டிரிகரைச் சியரிலிருந்து துண்டிக்கும், உதை நின்றதும் திரும்பி வந்து இரண்டாவது சியருக்குக் கீழே நிற்கும். இனெர்ஷியா என்று சொல்வது இதைத்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1890களிலிருந்து இந்த மூன்றுக்கும் நடுவே எத்தனையோ காப்புரிமைகள் எடுக்கப்பட்டன. ஒரு பிரச்சினைக்கு அவ்வளவு தீர்வு வந்திருக்கிறது என்றால், வந்த தீர்வுகளில் பலவும் திருப்தியாக இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1926இல் இறந்தபோது விட்டுச்சென்ற சூப்பர்போஸ்டு துப்பாக்கி, 1931இல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு டிரிகரோடுதான் வந்தது. அதற்கு நம்பகமான ஒற்றை டிரிகரைப் பின்னால் செய்துகொடுத்தவர் அவர் மகன் வால் பிரவுனிங்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒற்றை டிரிகர் என்பதே மோசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒலிம்பிக்கில் டிராப், ஸ்கீட் என்ற கிளே போட்டிகளில் சுடுகிறவர்கள் கையில் இருக்கும் மேல்கீழ்க்குழல் துப்பாக்கிகளெல்லாம் ஒற்றை டிரிகர்தான். ஆயிரக்கணக்கில் சுட்டும் அவை சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அவற்றில் லாக், சியர், டிரிகர், தோளில் வைக்கும் மரக்கட்டை எல்லாமே ஒன்றை ஒன்று மனதில் வைத்து வரையப்பட்டவை. பழைய பாஸ் துப்பாக்கியும் அப்படித்தான், செய்தவனே டிரிகரையும் பொருத்தினான். கன்வர்ஷனில் இந்த ஒற்றுமை இல்லை. இரண்டு டிரிகருக்காகச் செய்த லாக், அதற்கேற்ற உயரத்தில் நிற்கும் சியர் வால்கள், அதற்கேற்றபடி குடைந்த கட்டை. இதற்குள் வேறொருவர், வேறொரு காலத்தில், ஒரு புதுப் பொறியைக் கொண்டுவந்து நுழைக்கிறார். அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் கேட்டால் செய்த கம்பெனியே துப்பாக்கியைத் திரும்ப வாங்கி ஒற்றை டிரிகர் போட்டுக்கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே பெயர் வாங்கிய பட்டறைகள் இருந்தன. அப்படி ஒழுங்காகச் செய்த கன்வர்ஷன்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் பின் டிரிகர் பள்ளத்தில் பித்தளையைத் திணித்து அடைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கம்பெனி வேலையாக இருந்தால் டிரிகர் பிளேட்டையே, அதாவது டிரிகர் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தகட்டையே, புதிதாகப் போட்டிருப்பார்கள், அல்லது எஃகால் அடைத்து, மேலே மற்ற இடத்தைப் போலவே பூவேலை வெட்டி, இடமே தெரியாமல் செய்திருப்பார்கள். இது ஊகம்தான். ஆனால் பணம் கட்டச் சொன்னால் இந்தப் பக்கம்தான் கட்டுவேன்.

இப்படிப்பட்ட உள்ளூர் கன்வர்ஷனைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறேன். அரூர் பக்கமிருந்து வந்த ஒரு பாக்ஸ்லாக் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிரிகரைச் சுற்றியிருக்கும் காப்பு வளையமான டிரிகர் கார்டைக் கழற்றி, பிளேட்டின் திருகுகளை எடுத்து, கட்டையிலிருந்து பிரித்தால், முதலில் கண்ணில் பட்டது எண்ணெய். தையல் மிஷின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ, வருடக்கணக்கில் மேலிருந்து ஊற்றியது, தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாக இறுகிப்போயிருந்தது. உதையில் அசைய வேண்டிய துண்டு அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டிய பிறகுதான் அது அசைகிற பாகம் என்றே தெரிந்தது. அடுத்தது சியர் வால்கள். டிரிகர் துண்டு இரண்டு வாலையும் சரியான இடைவெளியில் சந்திக்க வேண்டும். இடது வால் உயரம் போதாமல் இருந்ததால், அதன் அடியில் பித்தளையை உருக்கி ஒரு பொட்டு வைத்து, அரத்தால் தேய்த்து உயரம் சரிபண்ணியிருந்தார்கள். சியர் என்பது பதம் போட்டு இறுகவைத்த எஃகு. பித்தளையை உருக்கும் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். வாலோடு நின்றால் பரவாயில்லை, சூடு மூக்குவரை ஏறியிருந்தால் காடியைப் பிடிக்கிற முனையே மெத்தென்று ஆகிவிடும். மேலே வைத்த பொட்டோ பயன்படப் பயன்படத் தேயும். அதில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு தேய்ந்தால் போதும், எந்த இழுப்பு எந்தக் குழலுக்கு என்கிற கணக்கே மாறிப்போகும். அந்தத் துப்பாக்கிக்காரர் சொன்ன புகாரும் உங்களுடையதேதான், சில சமயம் இரண்டும், சில சமயம் ஒன்றும்.

கட்டையும் இதில் சேர்த்தி என்று நினைக்கிறேன். வால்நட் கட்டை ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். டிரிகர் பிளேட் கீழேயிருந்தும், குழல் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புப் பகுதியான ஆக்ஷன் மேலேயிருந்தும் அந்தக் கட்டையை இறுக்கிக்கொண்டு நிற்பதால், கட்டை மாறினால் டிரிகருக்கும் சியர் வாலுக்கும் உள்ள இடைவெளியும் மாறும். இரண்டு டிரிகர் துப்பாக்கியில் அந்த இடைவெளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் விரல் தாங்கிக்கொள்ளும். நூல் பிடித்துப் பொருத்திய கன்வர்ஷனில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தகராறு செய்து மாசி, பங்குனியில் சரியாகிவிடும் துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். கட்டைதான் காரணம் என்று அளந்து நிரூபித்ததில்லை. ஆனால் திருகுகளைச் சரியாக இறுக்கியதும் சில அடங்கியிருக்கின்றன. உங்களுடையதில் எந்த மாதம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி லாக் விஷயம். இரண்டு குழலும் ஒன்றாக வெடித்தால் எல்லோரும் டிரிகரைத்தான் திட்டுவார்கள். ஆனால் சியர் மூக்கோ குதிரைக் காடியோ தேய்ந்திருந்தால், முதல் வெடியின் அதிர்ச்சியிலேயே இரண்டாவது குதிரை நழுவி விழும். டிரிகருக்கு அதில் பங்கே இல்லை. இரண்டு டிரிகர் இருந்தாலும் அது நடக்கும். டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று யாராவது காடியைத் தேய்த்துவைத்திருந்தால் நிச்சயம் நடக்கும். வழக்கமாக இந்தத் துப்பாக்கிகளில் முன் டிரிகர் 4 பவுண்டு அளவிலும் பின் டிரிகர் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும், அதாவது சுமார் 1.8 கிலோவும் 2 கிலோவும். உங்களுடையது அதைவிட மிக லேசாக இருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடையில் என்ன சோதனை செய்வார்கள் என்று நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா உட்காரும் இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ஸ்நாப் கேப், அதாவது டம்மி தோட்டா இரண்டு போட்டு மூடுவார்கள். சேஃப்டியை விலக்கி, விரலை டிரிகர் கார்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, கட்டையின் பின்முனையை ரப்பர் விரிப்பில் பலமாகத் தட்டுவார்கள். உள்ளே ஏதாவது ‘டக்’ என்று விழுந்தால் வழக்கு முடிந்தது, லாக் தேய்ந்திருக்கிறது, டிரிகரைப் பற்றிப் பிறகு பேசலாம். விழாவிட்டால் லாக் நல்லது என்று அர்த்தம் இல்லை, உண்மையான உதை அதைவிடக் கடுமையானது. அடுத்த சோதனையை ரேஞ்சில்தான் செய்ய முடியும். முதலில் வெடிக்கிற குழலில் மட்டும் உண்மைத் தோட்டா, மற்றதில் டம்மி. டம்மியின் அடியில் குதிரையின் முனை குத்துகிற இடத்தில் நகப்பூச்சு ஒரு துளி வைத்துக் காயவிட்டிருப்பார்கள். சுட்டதும் டிரிகரை மறுபடி தொடாமல் திறந்து பார்ப்பார்கள். நகப்பூச்சில் தடம் இருந்தால் இரண்டாவது குதிரை முதல் வெடியோடு விழுந்திருக்கிறது. இரண்டு உண்மைத் தோட்டா போட்டுச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை, அப்படிச் சோதிக்கிறேன் என்று சொல்கிறவரிடம் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். முதல் தடவை சுடும்போது டிரிகரைக் கடைசிவரை இறுக்கிப் பிடித்து, விடாமலே வைத்திருந்தும் தடம் விழுந்தால் லாக் பக்கம் சந்தேகம் கூடும். சாதாரணமாகச் சுட்டால் மட்டும் விழுகிறது என்றால் டிரிகர் பக்கம் கூடும். இந்தக் கடைசிப் பகுதி ஒரு குறிப்புதானே தவிரத் தீர்ப்பு இல்லை. இறுக்கிப் பிடித்தாலும் உதையில் விரல் விலகத்தான் செய்யும்.

இரண்டாவது குழல் வெடிக்காமல் போனதற்குக் காரணம் இன்னும் சுவாரசியமானது. கிளப்பில் எந்தத் தோட்டா சுட்டீர்கள்? சர்வதேச விதிப்படி டிராப், ஸ்கீட் தோட்டாவில் ஈயக்குண்டு 24 கிராம்தான். தாத்தா காலத்து 12 போர் வேட்டைத் தோட்டா என்றால் பெரும்பாலும் 30 கிராமுக்குக் குறையாது, 32 கிராமும் சாதாரணம். உள்ளே இருப்பது இனெர்ஷியா வகை என்றால், கனமான தோட்டாவின் உதைக்கு அளந்துவைத்த துண்டு 24 கிராமின் மெல்லிய உதையில் முழுதாக அசையாமல் போகலாம். எண்ணெய்ப் பிசின் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது டிரிகர் இரண்டாவது சியருக்கு மாறவே மாறாது. நீங்கள் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள், எதுவும் நடக்காது. வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய தோட்டாவில் இரண்டும் வெடித்து, கிளப் தோட்டாவில் இரண்டாவது வெடிக்காமல் போயிருந்தால் இந்த ஊகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். எந்தத் தடவை எந்தத் தோட்டா என்று எழுதினால் பாதி வேலை முடியும்.

இதே வகை டிரிகருக்கு இன்னொரு பலவீனம் உண்டு, நம் ஊரில் அதுதான் பெரியது. முதல் தோட்டா மிஸ்ஃபயர் ஆனால் உதை இல்லை. உதை இல்லாவிட்டால் மாற்றமும் இல்லை. ஆக, முதல் தோட்டா பழுது என்றால் நல்லதாக இருக்கிற இரண்டாவது தோட்டாவும் பயனில்லாமல் போகிறது. வருடத்துக்குக் கிடைக்கும் சொற்பத் தோட்டாவை அலமாரியில் வைத்து, நாலைந்து மழைக்காலம் தாண்டிச் சுடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தத் தோட்டாவில் மிஸ்ஃபயர் ஆச்சரியமே இல்லை. இரண்டு டிரிகர் என்றால் விரலைப் பின்னால் நகர்த்தினால் போதும். காட்டோரத்தில், பாதுகாப்புக்கென்று வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மிஸ்ஃபயர் ஆனதும் உடனே திறக்காமல், வாயை ஆபத்தில்லாத பக்கம் பிடித்து அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தாமதித்து வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

இரண்டும் சேர்ந்து வெடித்தால் குழல் வெடித்துச் சிதறிவிடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். அழுத்தம் ஒவ்வொரு குழலுக்குள்ளும் தனித்தனிதான், ஒன்றோடொன்று கூடுவதில்லை. கூடுவது உதை. மூன்று கிலோ கனமுள்ள துப்பாக்கி இரண்டு தோட்டாவின் உதையை ஒரே நேரத்தில் வாங்கும்போது, கட்டையின் தலைப்பகுதி, அதாவது ஆக்ஷனின் பின்புறம் வந்து உட்காரும் மெல்லிய இடம், அடி வாங்குகிறது. பாக்ஸ்லாக்கில் உள்ளே நிறையக் குடைந்திருப்பதால் அங்கே மரம் குறைவு. ஆக்ஷனுக்கும் கட்டைக்கும் சேரும் கோட்டில், மேல் இரும்புப் பட்டைக்குப் பின்னால், மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால், முன்சொன்ன இடைவெளிக் கணக்கெல்லாம் இன்னும் கெட்டிருக்கும்.

குழலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கிளப்பில் கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீட்டர் நீளம். பழைய பர்மிங்காம் துப்பாக்கிகளின் அறை பலவும் 65 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அங்குலம். நீளமான தோட்டா உள்ளே போய்விடும், கதவும் மூடும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வெடித்து வாய் விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தில் இருக்கும் முத்திரைகளைப் பாருங்கள். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ் 1813 முதல் இருக்கிறது. 1954க்குப் பிந்தைய முத்திரை என்றால் அழுத்தத்தை டன் கணக்கில் போட்டிருக்கும், அதற்கு முந்தையதில் குண்டின் எடை இருக்கலாம். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் ‘நைட்ரோ’ என்ற சொல்லோ, 1954க்குப் பிந்தையதில் BNP என்ற எழுத்துகளோ எங்குமே இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை அதில் போடவே வேண்டாம். டிரிகரைவிட இது முக்கியம், ஆனால் நீங்கள் கேட்காததால் இத்தோடு நிறுத்துகிறேன்.

சரி, ஓசூர் லேத் பட்டறை. ஓசூரில் இருக்கிற மிஷின்களும் கைகளும் எவ்வளவு நுட்பமான வேலையும் செய்யும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது மட்டுமில்லை, மாற்றுவது, ரிப்பேர் செய்வது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம். தெரிந்தவர் என்று உதவிக்கு வரும் பட்டறைக்காரரைத்தான் முதலில் பிடிப்பார்கள். நாட்டுத்துப்பாக்கி விவகாரத்தால் நம் இரண்டு மாவட்டத்திலும் போலீசும் வனத்துறையும் பட்டறைகள் மேல் ஒரு கண் வைத்தே இருக்கிறார்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், வேலையின் தன்மையும் வேறு. அங்கே வரைபடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில் பாகம் செய்வார்கள். இங்கே வரைபடமே கிடையாது. புகைக்கரி பூசி, வைத்துப் பார்த்து, தேய்ந்த இடத்தை மட்டும் ஒரு இழுப்பு அரம் போட்டு, மறுபடி வைத்துப் பார்த்து, அப்படி நாள் முழுக்க நூறு தடவை கழற்றி மாட்ட வேண்டிய வேலை.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், ஒற்றை டிரிகரைச் சரிபண்ண ஒரு ரூபாயும் செலவழிக்க மாட்டேன். இரண்டு டிரிகருக்கே திருப்பிவிடுவேன். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில், பித்தளை அடைப்பை எடுத்துப் பழைய பள்ளத்தைத் திறந்து, இரண்டு பிளேடும் அதற்கான ஊசியும் செய்து பொருத்த வேண்டும். சியர் வால்களில் பித்தளை ஏற்றியிருந்தால் சியரையே புதிதாகச் செய்து பதம் போட வேண்டும், சுரண்டி எடுப்பதோடு விடக்கூடாது. காடிகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். வேலை கொடுக்கும்போது துப்பாக்கியின் எண்ணும் செய்யப்போகிற வேலையும் எழுதிய ரசீது வாங்குங்கள், லைசென்ஸ் நகலோடு வையுங்கள். பழைய டிரிகர்களை மாற்றியவர் அப்போதே கொடுத்திருக்கக்கூடும். தாத்தாவின் பெட்டியில், தோட்டா பெல்ட்டோடு, குழல் துடைக்கும் கம்பியோடு, காகிதத்தில் சுற்றி ஏதாவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் வேலை பாதியாகிவிடும்.

இரண்டு டிரிகரோடு டிராப் பழக முடியுமா என்று கிளப்பில் சிரிப்பார்கள். முடியும். விரலைப் பின்னால் நகர்த்துவது இரண்டு மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடும், போகப்போக நினைக்கவே வேண்டியிருக்காது. போட்டிவரை போகிற எண்ணம் இருந்தால் மட்டும், அதற்கென்றே செய்த மேல்கீழ்க்குழல் ஒன்றை வாங்க யோசியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகும் ஒருவர் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்குத் தாத்தாவின் துப்பாக்கியை வளைக்காதீர்கள்.

அதுவரைக்கும் கிளப்பில் இதைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தோட்டா, முதலில் வெடிக்கிற குழலில் மட்டும். பக்கத்தில் நிற்பவரிடமும் ரேஞ்ச் பொறுப்பாளரிடமும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திறந்து பார்த்த பிறகு டிரிகர் பிளேட்டின் உள்பக்கத்தையும் சியர் வால்களையும் படம் எடுத்துப் போட்டால், மூன்று வகையில் எது என்று சொல்லிவிடலாம். படத்தில் துப்பாக்கியின் எண் தெரியாமல் மறைத்துவிடுங்கள்.